ஈ ஓட்டுறதுக்கா படிக்க வெச்சேன்?

“நீட்ல மார்க் பத்தல. இன்னொரு வாட்டி எழுதுடின்னா, ஈயோட மூளையை ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு நிக்கிறா. ஈ ஓட்டுறதுக்கா மேடம் இம்மாம் படிக்க வெச்சேன்?” காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டது.

அம்மா, அவள் எதில் மயங்கினாள் என்று முதலில் கேளுங்கள். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பழ ஈக்கு மொத்தமே சுமார் 14,000 மரபணுக்கள். அதில் ஒன்று டிஸ்கேம்1. புரதம் செய்வதற்காக செல் அதற்கு ஒரு நகல் எடுக்கும். அந்த நகலில் எல்லாத் துண்டுகளையும் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஓரிடத்தில் 12 துண்டில் ஒன்று, அடுத்த இடத்தில் 48-இல் ஒன்று, பிறகு 33-இல் ஒன்று, கடைசியில் 2-இல் ஒன்று எனப் பொறுக்கி ஒட்டுகிறது. பெருக்கினால் 38,016. ஒரே மரபணுவிலிருந்து இத்தனை விதப் புரதம் வரலாம் என்று 2000-இல் அமெரிக்காவில் லாரி சிபுர்ஸ்கியின் ஆய்வகம் காட்டியது.

ஒவ்வொரு நரம்பு செல்லும் இவற்றில் சிலவற்றை மட்டும் தன் மேற்பரப்பில் வைத்துக்கொள்ளும். ஒரே செல்லின் இரு கிளைகள் உரசினால், இரண்டிலும் அதே வடிவம் இருப்பதால் ‘இது நானே’ என்று தெரிந்து விலகும். வீசிய வலை விரிந்து விழுவது போலக் கிளைகள் பரவும். பக்கத்து செல்லின் கிளையில் வேறு வடிவம். அதோடு உரசினாலும் பிரச்சினை இல்லை. எல்லா செல்லுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்து ஈக்களை வளர்த்துப் பார்த்தார்கள். அடுத்த செல்லையும் தானென்று நினைத்து ஒதுங்கியதில் இணைப்புகள் தாறுமாறாயின.

இதெல்லாம் ஈக்கு மட்டும்தானே என்பீர்கள். குழந்தைகளின் தசையை நலிய வைக்கும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென், இந்தத் துண்டு ஒட்டும் வேலையைத் திருத்தும் மருந்துதான்.

சரி, சோறு? ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிக்கலாம், திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. அதற்கு நீட் மார்க் உதவாது, ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு தனி. அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்குக்கும் சம எண்ணிக்கையில் கேள்வி. உங்கள் மகள் பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. பியூர் சயின்ஸ் என்றால் கணக்கில்தான் உதைக்கும். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலோ உயிர்வேதியியலோ சேர்ந்து, ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்குப் போகலாம். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்று பேனர் கட்டி, பயோடெக்குக்கு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

மறைக்காமல் சொல்கிறேன்: பிஎச்.டி. முடிக்க முப்பதை நெருங்கிவிடும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஆனால் அது கைக்கு வர இன்னும் ஐந்தாறு வருஷம். அதற்குள் அவள் சம்பளம் வீட்டுக்குத் தேவை என்றால் இப்போதே அவளிடம் உடைத்துப் பேசுங்கள். அப்படியானால் பைத்தான், ஆர் என்ற இரண்டு கணினி மொழிகளையும் சேர்த்துப் படிக்கட்டும். மரபணுத் தரவைக் கணினியில் அலசத் தெரிந்தவர்களுக்கு பிஎச்.டி. இல்லாமலும் வேலை உண்டு.

நீட் ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். பழைய ஐ.ஏ.டி. வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லி, கணக்கில் எத்தனை சரி என்று எழுதியனுப்புங்கள்.