சிங்கப்பூர் சைட்டில் அடிபட்டால்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் திரும்பும்போது அதன் பின்பக்கம் என் காலில் இடித்துவிட்டது. டார்மிட்டரியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லச் சொல்கிறார் சூப்பர்வைசர்.

பதில்: அப்படிச் சொல்லவே கூடாது தம்பி. டாக்டர் எழுதும் முதல் குறிப்புதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி இடித்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கூட நின்றவர்களின் போன் நம்பரை வாங்கி வையுங்கள். வீக்கா என்று நாம் சொல்லும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், தவறு கம்பெனியுடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் வந்த காயம் என்றால் போதும். விபத்து நடந்து 1 வருடத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். கம்பெனி ரிப்போர்ட் செய்யாவிட்டால் நீங்களே மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.

கேள்வி: எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

பதில்: உண்டு. வெளிநோயாளி எம்சி என்றால் 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து 1 வருடம் வரை.

கேள்வி: ஆப்பரேட்டர் நல்ல அனுபவசாலி. பிறகு ஏன் இடிக்கிறது?

பதில்: அவர் உட்காரும் கேபின் இடது பக்கம். வலது பக்கத்தை பூம் என்னும் வண்டியின் நீண்ட கையே மறைத்துவிடும்; வண்டி சாயாமல் இருக்கப் பின்னால் வைத்திருக்கும் எடைக்கட்டையின் பக்கம் ஆள் நின்றால் தெரியாது. வண்டி திரும்பும்போது அந்த எடைக்கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்குபவர் தப்புவது கடினம். அதனால் அது திரும்பும் வட்டத்துக்குத் தடுப்பு போடச் சொல்லிக் கேளுங்கள். கிட்டே போயே ஆக வேண்டுமா? ஆப்பரேட்டர் உங்களைப் பார்த்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, கையசைத்த பிறகு போங்கள். ஹாரன் அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், சைட் இரைச்சலில் அது காதில் விழாது. ரிவர்ஸ் எடுக்கும் டிப்பருக்கும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: லாரி கிரேனில் தூக்கும்போது?

பதில்: தொங்கும் சுமைக்கு அடியில் யாரும் போகக் கூடாது. மழை பெய்த மண்ணில் அவுட்ரிக்கருக்கு (வண்டி சாயாமல் தாங்கும் கால்களுக்கு) அடியில் பலகை இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கிரேன் ஓட்டுபவருக்குக் கைசாடை காட்டும் சிக்னல்மேன் இல்லாமல் தூக்கச் சொன்னாலும் அப்படித்தான்.

கேள்வி: கிளெய்ம் போட்டால் வேலை பர்மிட்டைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாமே?

பதில்: இந்தப் பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை, எனக்கு அது மிகவும் வருத்தம். பர்மிட் கேன்சல் ஆனாலும் கிளெய்ம் உரிமை போகாது. எம்சி, பே ஸ்லிப், ஆஸ்பத்திரி பில் எல்லாவற்றையும் இன்றைக்கே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அப்புறம் புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.