லிசவெத்தாவை ஏன் மறந்தோம்? ருஷ்யக் கதைகள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சார், தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை இப்போதுதான் முடித்தேன். ஊரை உறிஞ்சும் வட்டிக்காரக் கிழவி ஒருத்தியைக் கொன்று, அந்தப் பணத்தில் நூறு பேருக்கு நல்லது செய்தால் என்ன தப்பு? கதாநாயகன் ரஸ்கோல்னிகோவின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று பிடிபடவில்லை.

பதில்: வாதத்துக்குள் தேடினால் அகப்படாது தம்பி. கொலை நடந்த அறைக்குள் போய்ப் பாருங்கள். கிழவி அல்யோனாவைக் கோடாலியின் பின்பக்கத்தால் அடித்துக் கொல்கிறான். அவன் போட்ட கணக்குப்படி விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே போயிருந்த தங்கை லிசவெத்தா வந்து நிற்கிறாள். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத அப்பாவி. அவளை வெட்ட அவனிடம் எந்தத் தத்துவமும் கிடையாது. பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். கோடாலி ஓங்கப்படும்போதுகூட அவள் முகத்தை மறைக்கவில்லை. இடது கையை மட்டும் மெதுவாக முன்னால் நீட்டுகிறாள், தள்ளிப் போ என்பது போல.

சரி, பணம்? பையில் எவ்வளவு இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போய்விடுகிறான். அந்த நூறு பேர் என்ன ஆனார்கள்?

பின்னால் சோனியா என்ற பெண்ணிடம் உண்மையைச் சொல்லும்போது, பயத்தில் அவளுடைய இடது கையும் அதே மாதிரி நீள்கிறது. அவள் முகத்தில் லிசவெத்தாவைப் பார்க்கிறான். இந்த நாவலைப் படித்த பலரோடு பேசியிருக்கிறேன். கிழவியைக் கொன்றது சரியா தப்பா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். தங்கச்சி பேர் கேட்டால் முழிப்பார்கள். நம்மைச் சொல்வானேன், அவனே ஓரிடத்தில் யோசிக்கிறான்: அவளைக் கொல்லாதவன் போல, அவளைப் பற்றி நான் ஏன் நினைப்பதே இல்லை?

கேள்வி: கடைசியில் அவன் திருந்துவது ஒட்டவைத்தது போல இருக்கிறதே?

பதில்: எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் சைபீரியா போயும் வெகுகாலம் அவன் வருந்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் போய் ஒப்புக்கொண்டதைத்தான் தன் குற்றமாக நினைக்கிறான். சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் 4 ஆண்டு கைதிகளோடு கிடந்த தஸ்தயேவ்ஸ்கி எழுதியது அது.

கேள்வி: டால்ஸ்டாய்க்குத் திருக்குறள் தெரியும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். 1908இல் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய கடிதத்தில் 'இன்னா செய்யாமை' குறள்களை எடுத்தாண்டிருக்கிறார். 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' அதில் உண்டு. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே 'அன்னா கரீனினா'வில் அதே விஷயத்தை அவர் உரசிப் பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம். சாகக் கிடக்கும் அன்னாவின் படுக்கை அருகே கணவன் கரீனின் அவளையும் மன்னிக்கிறான், அவள் காதலன் விரோன்ஸ்கியையும் மன்னிக்கிறான். விரோன்ஸ்கி நாணுகிறான். எந்த அளவுக்கு என்றால், வீட்டுக்குப் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். பிழைத்துக்கொள்கிறான், அது வேறு. அன்னாவும் பிழைக்கிறாள். பிழைத்தவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? கணவனின் பெருந்தன்மைக்காகவே அவனை வெறுக்கிறேன் என்கிறாள். மன்னிப்பு வாங்கிக்கொண்டு அதே வீட்டில் தினமும் வாழ்வது என்ன பாடு என்று டால்ஸ்டாய்க்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: உலகத்து மக்கள் எல்லோருக்காகவும் மனசு உருகுகிறது. ஆனால் வீட்டில் இருக்கும் நாலு பேரைச் சகிக்க முடியவில்லை. நான் போலியா அண்ணா?

பதில்: தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசோவ் சகோதரர்க'ளில் துறவி ஜோசிமா சொல்லும் டாக்டர் நீங்கள்தான்! மனித குலத்துக்காகச் சிலுவையில் ஏறத் தயாராம். ஆனால் ஒருவன் சாப்பிட நேரமெடுக்கிறான், இன்னொருவன் சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறான் என்று ஒரே நாளில் வெறுப்பு வந்துவிடுமாம். போலி இல்லை, சாதாரண மனிதர்.

கேள்வி: செகாவ் எந்தக் கேள்விக்கும் பதிலே சொல்வதில்லையே?

பதில்: 'ஆறாவது வார்டு' (1892) படித்தீர்களா? டாக்டர் ராகின், மனநோயாளி குரோமோவிடம் உபதேசம் செய்கிறார்: வெதுவெதுப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வித்தியாசமில்லை, நிம்மதி மனசுக்குள்தான் இருக்கிறது. கொஞ்ச நாளில் அவரையே பைத்தியம் என்று அதே வார்டில் அடைக்கிறார்கள். கொடுத்த அங்கியில் புகைபோட்ட மீன் வாடை. வெளியே விடு என்று கதவைத் தட்டியதும் காவலாள் நிகிதா முகத்தில் குத்துகிறான். வாயில் உப்புக் கரிக்கிறது. இதே வலியை இவர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக அனுபவித்திருக்கிறார்கள், தனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை என்று அப்போதுதான் உறைக்கிறது. மறுநாள் செத்துப்போகிறார். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

கேள்வி: புதிதாகத் தொடங்குபவருக்கு எது?

பதில்: டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்'. நூறு பக்கம்கூட இருக்காது. இவான் இலியிச் திரைச்சீலையைச் சரிசெய்ய ஏணியில் ஏறி, வழுக்கி, விலாவில் இடித்துக்கொள்ளும் இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். வேறு ஒருத்தனாக இருந்தால் செத்தே போயிருப்பான், எனக்கு லேசான அடிதான் என்று வீட்டாரிடம் பெருமை அடித்துக்கொள்வான்.