செல்லுன்னா எல்லாம் ஒரே செல்லு இல்லீங்க: கோழிக்காரங்க கேட்ட நாலு கேள்வி

மேலூர் அண்ணன் ஒருத்தர்: கோழி ரத்தம் குடிக்கற பொடிப் பூச்சி இருக்கே, அந்தச் செல்லுக்கு பைரித்ராய்டுங்கற வகைப் பூச்சி மருந்து ரெண்டு தடவை அடிச்சாச்சு, சாகல. வாடிப்பட்டில மச்சான் கொட்டகைல அதே டப்பா அதே அளவு, சுத்தமா போச்சு. எனக்கு வந்தது டூப்ளிகேட்டா?

இருக்கலாம்ணே, ஆனா செல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. பேருதான் ஒண்ணு, வம்சம் வேற வேற. நரம்புல சோடியம் போற வாசல்னு ஒண்ணு இருக்கு, இந்த மருந்து அங்க போய் ஒட்டித்தான் கொல்லும், அந்த வாசலுக்கான ஜீன்ல ஒரு எழுத்து மாறிட்டா மருந்து சரியா ஒட்டாது. இதுல கூத்து என்னன்னா கூண்டு இடுக்குல ஒளியற செவப்புச் செல்லுல ஆணுக்கு குரோமோசோம் ஒரே செட்தான், அதனால அந்த மாறின ஜீன் ஒளிஞ்சுக்க எடமே இல்ல, மருந்து அடிச்சதும் அது இல்லாத ஆணெல்லாம் செத்துரும், இருக்கறவன் மட்டும் நின்னு அடுத்த தலைமுறைக்கு அப்பனாகிருவான், முட்டைல இருந்து பெருசாக 7-10 நாள் போதும்ங்கறப்ப வருஷத்துக்கு எத்தனை தலைமுறைன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. டோஸ் மட்டும் ஏத்தாதீங்க, கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு வேற வகை மருந்துக்கு மாறுங்க.

திருமங்கலம் அக்கா: குருவிதான் செல்லைக் கொண்டாந்து விடுதுன்னு வீட்டுல சொல்றாங்களே?

பாவம் குருவி. ஸ்வீடன்ல பண்ணைக்கோழி செல்லையும் காட்டுப்பறவை செல்லையும் டி.என்.ஏ.வை வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் தனித்தனிக் கூட்டமா பிரிஞ்சு நின்னுச்சு. அது அவங்க ஊரு கதை, இருந்தாலும் நான் குருவிக்கு முன்னாடி வெளியூர்ல இருந்து வந்த பழைய கூண்டையும் முட்டை அட்டையையும்தான் பாப்பேன். போன மாசம்கூட ஒரு கூண்டு மூலைல வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சுத் தட்டினேன், மிளகுத்தூள் மாதிரி கொட்டுச்சு, விரல்ல நசுக்கினா ரத்தக்கறை.

உசிலம்பட்டி தம்பி: பகல்லயும் கோழி மேலயே ஊருது, பின்பக்க இறகெல்லாம் கறுத்துக் கெடக்கு.

அப்ப அது செவப்புச் செல்லா இருக்காது தம்பி, அது ராத்திரி ஏறிக் குடிச்சிட்டு விடியறதுக்குள்ள இடுக்குல போய் ஒளியற கள்ளன். இது ஆர்னிதோனிசஸ்ங்கற இன்னொரு வகைச் செல்லா இருக்கும், கோழி மேலயே குடும்பம் நடத்தும். கூண்டுக்கு மட்டும் அடிச்சுட்டு உக்காந்தா வேலைக்காகாது.

இன்னொருத்தர்: கொட்டகையை 3 மாசம் காலியா போட்டா செத்துருமா?

குளுமையான எடத்துல ரத்தமே குடிக்காம 8-9 மாசம் தாக்குப்பிடிக்கும். நம்ம மதுரை வெயிலுக்கு சீக்கிரமே போய்ச் சேரும்தான், ஆனா மூங்கில் கணு, ஆணி ஓட்டை, பஞ்சாரத்துப் பின்னல் இதையெல்லாம் சுத்தம் பண்ணாம புதுக்குஞ்சு இறக்காதீங்க.