தொட்டாற்சிணுங்கிக்குக் கோபம் வருமா?

கேள்வி: என் கணவர் தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறார். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். கேட்டால், "கோபமெல்லாம் இல்லை, எரிச்சல், அவ்வளவுதான்" என்கிறார். இரண்டும் வேறு வேறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேறுதான். அந்த மட்டில் அவர் சொல்வது சரி. கோபத்துக்கு ஒரு காரணமும் ஓர் ஆளும் வேண்டும். எரிச்சலுக்கு எதிரே வந்தவர் போதும்.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'இரிட்டபிலிட்டி'யைப் பழைய மருத்துவர்கள் தசைக்குப் பயன்படுத்தினார்கள். தொட்டால் சுருங்கும் தசையின் குணத்துக்கு 1752-ல் ஹாலர் என்ற சுவிஸ் மருத்துவர் கொடுத்த பெயர் அது. நம் ஊரில் வேலியோரச் செடிக்கும் முகம் சுளிக்கும் மனிதருக்கும் சேர்த்துத் 'தொட்டாற்சிணுங்கி' என்றே வைத்துவிட்டோம்.

போன மே மாதம், கரண்ட் போன ஒரு மதியம், ஒரு 'க்' விட்டுப்போனதற்காக மெய்ப்புப் பார்க்கும் தம்பியைக் குதறிவிட்டேன். அதே பக்கத்தில் நான் விட்ட பிழை மூன்று. அன்று நான் சாப்பிட்டிருக்கவில்லை. பசி, வெக்கை, தூக்கக்குறைவு எல்லாம் எரிச்சலுக்கு விறகு. தூக்கம் குறைந்தால், உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி தளர்ந்துவிடும். சிகரெட்டை விட்ட புதிதிலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதைதான். மனச்சோர்வும் சிலரிடம், குறிப்பாக வயசுப் பிள்ளைகளிடம், அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வரும்.

சரி, இதெல்லாம் அவர் பக்க நியாயம். அப்புறம் ஒன்று இருக்கிறது. அரியாங்குப்பத்திலும் தவளக்குப்பத்திலும் நெரிசலில் நின்றபடியே வருகிறவர், காலை மிதித்தவரிடம் "பரவாயில்லைங்க" என்றுதானே சொல்லியிருப்பார்? மேலதிகாரியிடம் எரிந்து விழுந்ததாக நீங்கள் எழுதவில்லை. சட்னியில் உப்பு குறைந்ததற்கு மட்டும் தட்டு நகர்கிறது. அடக்கத் தெரியாதவர் இல்லை அவர். அடக்க வேண்டிய இடமாக வீட்டை நினைக்கவில்லை.

வந்ததும் முதலில் சாப்பாடு போடுங்கள், கரண்ட் பில் பேச்சு பிறகு. இப்படியே வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அவர் வேலை பார்க்கும் ஊரில் ஜிப்மரிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் ஒன்றைக் கவனித்து எழுதுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறார மீன்குழம்பு சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அவருக்கு இந்த எரிச்சல் இருக்கிறதா?