சைட்டாலஜி ரிப்போர்ட் நல்லதாக வந்த பிறகும் கேமரா டெஸ்ட் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, ரப்பர் வெட்டுக்குப் போகிறார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை சிறுநீர் ரத்தமாகப் போனது, வலியே இல்லை. மூன்று நாள் சிறுநீர் கொடுத்து சைட்டாலஜி பார்த்ததில் கேன்சர் செல் இல்லை என்று வந்தது. ஆனாலும் டாக்டர் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப் பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் டெஸ்ட்) செய்யச் சொல்கிறார். தேவையா? ரப்பர் வேலையால் வந்திருக்குமோ? பீடியும் குடிப்பார்.
- வாசகி, குலசேகரம்

பதில்: கண்டிப்பாகத் தேவை. மழை ஓயட்டும், வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சிறுநீர்ப் பையின் உள்தோலிலிருந்து உதிர்ந்து வரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் சைட்டாலஜி. வேகமாகப் பரவும் ஹை கிரேடு கட்டியின் செல்கள் எளிதில் உதிரும், பார்த்த உடனே விகாரமாகத் தெரியும், அதனால் பெரும்பாலும் சிக்கிவிடும். மெதுவாக வளரும் லோ கிரேடு கட்டி அப்படியில்லை. அதன் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதிகம் உதிராது, உதிர்ந்தாலும் கிட்டத்தட்ட நல்ல செல் மாதிரியே இருக்கும், அந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த டெஸ்டில் தப்பிவிடும். கொளச்சல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: பெரிய கண் வலையில் நெத்திலி நிற்காது. ஆனால் பாசிட்டிவ் என்று வந்தால் அநேகமாக நம்பலாம். கல், தொற்று இருந்தால் மட்டும் சில நேரம் குழப்பும்.

சாம்பிளும் முக்கியம். இரவெல்லாம் பையில் கிடந்த முதல் சிறுநீரில் செல்கள் சிதைந்திருக்கும், அதற்கு அடுத்த தடவை போவதுதான் நல்லது. குலசேகரத்தில் பிடித்த பாட்டிலை உச்சி வெயிலில் பஸ்ஸில் நாகர்கோவில் வரை கொண்டுபோனால், செல்லைக் காக்கும் திரவம் கலக்காத பட்சத்தில், ரிப்போர்ட்டை எப்படி நம்புவது?

சைட்டாலஜியில் தப்பும் கட்டியை நேரடியாகப் பார்க்கத்தான் சிஸ்டோஸ்கோப்பி. அதற்குப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஜெல் வைத்து மெல்லிய கேமராக் குழாயை விடுவார்கள், பார்க்கச் சில நிமிடம்தான், அப்புறம் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். சிறுநீரகம், அதிலிருந்து வரும் சிறுநீர்க் குழாய் பக்கம் பார்க்க சி.டி. யூரோகிராம் (மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எழுதுவார்கள். அதற்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்க்க வேண்டும்.

ரப்பர் மரத்தைக் குறை சொல்லாதீர்கள். ரப்பர் ஆலைகளில் ஒரு காலத்தில் புழங்கிய பீட்டா நாப்தைலமின் போன்ற ரசாயனங்கள்தான் சிறுநீர்ப் பைப் புற்றுநோயைக் கொண்டுவந்தன, வெட்டுகிற பாலில் அது கிடையாது. பீடிப் புகையில்தான் அந்த வகை ரசாயனம் இருக்கிறது. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அந்தச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.