யூரோப்பா பார்பரோரமா, டிவைட் எட் இம்பெராவா? மெய்மை மோட் தேர்வு குறித்து ஒரு வாசகருக்கு

கேள்வி: ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினிப் போர் ஆட்டத்தைப் பல முறை ஆடி முடித்துவிட்டேன். கி.மு. 270இல் தொடங்கும் ஆட்டத்தில் எகிப்தியப் படைகள் பாரோ காலத்துக் கோலத்தில் வருவதும், பெரும்போர்கூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும் உறுத்துகின்றன. வரலாற்றுக்கு நெருக்கமான மோட் (ஆட்டத்தை மாற்றியமைக்க ரசிகர்கள் உருவாக்கும் தொகுப்பு) ஒன்றைப் போட விரும்புகிறேன். என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே போட்டுப் பார்த்த ஒன்று லோட் ஆகும்போதே நின்றுவிடுகிறது.

பதில்: உங்கள் கணினிக்கு, ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ ஆட்டத்தின் மேல் இயங்கும் ‘யூரோப்பா பார்பரோரம் 2’ பொருந்தும்; இது, ‘ரோம்’ ஆட்டத்துக்கு வந்த ‘யூரோப்பா பார்பரோரம்’ மோட்டின் இரண்டாம் பகுதி. 2013இல் வந்த ‘ரோம் 2’ ஆட்டத்துக்கான ‘டிவைட் எட் இம்பெரா’ இதற்குக் குறைந்ததன்று. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் காட்சித் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாலும், கணினி தன் டர்னை (தான் ஆட வேண்டிய சுற்றை) முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரம் பொறுமையைச் சோதிக்கும். எனினும் தேர்வுக்குக் கணினியின் திறன் மட்டுமே அளவுகோலாக இருக்கக் கூடாது. மெய்மை என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எகிப்தைப் பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. கி.மு. 270இல் அந்நாட்டை ஆண்டவர்கள் மாசிடோனிய வழிவந்த தாலமி மரபினர். அவர்களுடைய படையின் முதுகெலும்பு, நீண்ட சரிசா ஈட்டி ஏந்திய கிரேக்க மாசிடோனியக் காலாட்படை. கி.மு. 217இல் ராஃபியாவில் நடந்த போருக்கு நான்காம் தாலமி 70,000 காலாட்களையும் 5,000 குதிரை வீரர்களையும் 73 யானைகளையும் கொண்டுவந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். அப்போது மண்ணின் மக்களான எகிப்தியரையும் பெருமளவில் திரட்டி, மாசிடோனிய முறையிலேயே பயிற்சி கொடுத்து அணியில் நிறுத்தினார்கள். ஆக, மூல ஆட்டம் காட்டும் கோலம் ஆயிரம் ஆண்டு பழையது. இந்தக் குறையைப் பெயர் பெற்ற எல்லா மெய்மை மோட்களும் நீக்கிவிட்டன. கவசமும் கேடயமும் எங்கும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். எனவே தோற்றத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

போரின் வேகத்துக்கு வருவோம். ‘ரோம்’ ஆட்டத்தில் படைப்பிரிவுகளின் பண்புகள் ஒரு சாதாரண உரைக் கோப்பில்தான் இருக்கின்றன. நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். முதன்மை ஆயுதத்துக்குரிய வரியின் கடைசி எண், அடி பட்ட வீரன் சாவதற்கான வாய்ப்பைக் குறிக்கிறது. மூல ஆட்டத்தில் பெரும்பாலான வாள்களுக்கு அது 1. அதாவது அடி விழுந்தால் ஆள் காலி. யூரோப்பா பார்பரோரம் குழுவினர் இந்த எண்ணை ஆயுதத்துக்கேற்ப வெகுவாகக் குறைத்து, வீரர்கள் நகரும் வேகத்தையும் மட்டுப்படுத்தினார்கள். அதனால் அணிகள் மோதிய பிறகு நெடுநேரம் தாக்குப்பிடிக்கின்றன. பக்கவாட்டில் குதிரைப்படையைச் சுற்றிக் கொண்டுவரவும், பின்வரிசையில் நிறுத்திய டிரியாரிகளை (அனுபவமிக்க ரோமானிய ஈட்டி வீரர்களை) முன்னே அனுப்பவும் உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. பண்டைய போர்களில் பெரும்பாலானோர் மடிந்தது அணி குலைந்து ஓடும்போதுதான் என்பதால், இந்த மாற்றம் வெறும் இழுத்தடிப்பு அன்று.

மோட்களுக்கிடையே உண்மையான வேறுபாடு தெரிவது போர்க்களத்தில் அன்று, கருவூலத்திலும் காலக்கணக்கிலும்தான். மூல ‘ரோம்’ ஆண்டுக்கு இரண்டு டர்ன் கொண்டது, கி.மு. 270 முதல் கி.பி. 14 வரை ஏறத்தாழ 566 டர்ன்கள். யூரோப்பா பார்பரோரம் கி.மு. 272இல் தொடங்கி ஆண்டுக்கு நான்கு டர்ன் தருவதால் எண்ணிக்கை 1,140ஐ ஒட்டி வரும். ஒரு தளபதியின் வாழ்நாள் அதற்கேற்ப விரிகிறது. அவன் வளர்வதையும் வெல்வதையும் நோயுறுவதையும் நீங்கள் கூடவே இருந்து பார்க்கிறீர்கள். (மூல ‘மெடீவல் 2’ ஒரு டர்னில் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிக்கொண்டே, மனிதர்களுக்கு மட்டும் அரை ஆண்டு வயதைக் கூட்டும் விந்தையை யாரும் பொருட்படுத்தாமல் ஆடினோம்.)

பொருளாதாரத்தில் யூரோப்பா பார்பரோரம் இரக்கமற்றது. பல நாடுகளுக்குத் தொடக்கத்திலேயே படையின் பராமரிப்புச் செலவு வரவை மிஞ்சி நிற்கும். சில டர்ன்களில் கருவூலம் கடனில் விழும். மிகைப்படையைக் கலைப்பதா, அதைக் கொண்டே பக்கத்து நகரைப் பிடிப்பதா என்பதுதான் உங்கள் முதல் முடிவாக இருக்கும். பிடித்த நகரிலும் உடனே உங்கள் படைவீரர்களைத் திரட்ட இயலாது. அங்கே எவ்வகை ஆட்சியை நிறுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஆட்களோ உள்ளூர்ப் படைகளோ கிடைக்கும். தொலைவான பகுதிகளில் உள்ளூர்த் தலைவனை ஏற்றுக்கொண்டு காலந்தள்ளுவதே பல நேரங்களில் மேல்.

மக்கள்தொகையில் ஒரு வேடிக்கை உண்டு. 2004இல் வந்த பழைய ‘ரோம்’, படை திரட்டினால் அத்தனை பேரை நகர மக்கள்தொகையிலிருந்து கழித்தது. 2006இல் வந்த ‘மெடீவல் 2’ அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டிவைட் எட் இம்பெரா அதைத் திரும்பக் கொண்டுவந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு பகுதியின் மக்களையும் சமூக வகுப்புகளாகப் பிரித்து, எந்தப் படைக்கு எந்த வகுப்பிலிருந்து ஆள் எடுப்பது என்றும் கணக்கு வைக்கிறது. உயர்குடிக் குதிரை வீரர்களை ஒரே போரில் இழந்தால் அடுத்த தலைமுறை வரை அந்தக் குறை தெரியும். படைக்கு உணவு போய்ச் சேரும் வழியையும் அது கவனிக்க வைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அதுவே முன்னிற்கிறது என்பது என் கருத்து. நல்ல கணினி வாய்க்கும்போது அவசியம் ஆடிப் பாருங்கள்.

எந்த மோட்டும் வரலாற்றுப் பாடநூலாகிவிடாது. கி.மு. 107ஐ ஒட்டிய ரோமானியத் தளபதி மாரியஸின் படைச் சீர்திருத்தங்களை ஆட்டங்கள் ஒரே நாளில் நிகழும் நிகழ்ச்சியாகக் காட்டுகின்றன. அப்படியொரு தனிச் சீர்திருத்தம் நடந்ததா என்பதையே இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். மூல ஆட்டத்தில் இத்தாலியில் பெரிய அரண்மனை ஒன்றைக் கட்டினாலே அது தூண்டப்படும் என்பதோடு ஒப்பிட்டால், பல நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று மோட்கள் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

இனி, நின்றுபோகும் சிக்கல். பெரும்பாலும் காரணம் பதிப்புப் பொருந்தாமைதான். யூரோப்பா பார்பரோரத்தின் முதல் பகுதி ‘ரோம்’ 1.5 பதிப்பையும், இரண்டாம் பகுதி ‘மெடீவல் 2’வின் ‘கிங்டம்ஸ்’ விரிவாக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. அவை இன்றி ஓடா. மூல ஆட்டத்தைப் புதிதாக நிறுவி, ஒருமுறை வெறுமனே திறந்து மூடிய பிறகே மோட்டைப் போடுங்கள். விண்டோஸின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறை எழுத்து அனுமதியைத் தடுப்பதால், ஸ்டீம் (ஆட்டங்களை வாங்கி நிறுவும் செயலி) நூலகத்தை வேறோர் இடத்தில் அமைப்பது நல்லது. ‘மெடீவல் 2’ 32 பிட் நிரல் என்பதால் உங்கள் 8 ஜிபி ரேமில் பெரும்பகுதியை அது தொடவே தொடாது. 4 ஜிபி வரை பயன்படுத்த வழிசெய்யும் சிறு திருத்தக் கருவி உண்டு, மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துங்கள். கேம்பெயின் (டர்ன் டர்னாகப் பேரரசை வளர்க்கும் முழு ஆட்டம்) நடுவே மோட்டைப் புதுப்பிக்கவோ துணை மோட்களைச் சேர்க்கவோ வேண்டாம். பழைய சேவ்கள் (சேமித்த ஆட்டங்கள்) திறக்காமல் போகக்கூடும். ஒரே சேவ் கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல் மூன்று நான்கைச் சுழற்சியில் வைத்திருங்கள்.

போரின் கடினநிலையை நடுத்தரத்திலேயே விடுங்கள். அதை உயர்த்தினால் கணினியின் அறிவு கூடுவதில்லை, அதன் படைகளுக்குச் சலுகை எண்கள்தான் சேர்கின்றன. மோட் குழுவினர் பாடுபட்டு அமைத்த சமநிலை அங்கேயே குலையும். சவால் போதவில்லை என்றால் கேம்பெயினின் கடினநிலையை ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் முறைக்கு ரோமையே எடுங்கள். மேற்குக் கிரேக்கத்து எபிரஸ் அரசின் பிடியிலுள்ள தென்னித்தாலிய நகரமான டாரன்டம்தான் தொடக்கத்தில் உங்கள் இலக்கு; உண்மை வரலாற்றிலும் கி.மு. 272இல் அந்நகரம் ரோமிடம் வீழ்ந்தது. அதைப் பிடித்த கையோடு சிசிலிக்குக் கப்பலேறத் தோன்றும். வரவு செலவு நேராகும்வரை இத்தாலிக்குள் சாலையும் பண்ணையும் அமைத்துக்கொண்டிருங்கள், கார்த்தேஜ் காத்திருக்கும்.