மெஷினில் பூஜ்ஜியம், ரோட்டில் உதறல்: வீல் கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, நிலக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு கடையில் 58,000 ரூபாய்க்கு நான்கு அலாய் வீல் வாங்கிப் போட்டேன். டயர் பழைய சைஸ்தான். அன்றிலிருந்து வாடிப்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையில் 80-ஐத் தொட்டாலே ஸ்டியரிங் உதறுகிறது. மூன்று முறை போனேன். மூன்று முறையும் பேலன்சிங் போட்டு, பூஜ்ஜியம் காட்டும் சீட்டைக் கையில் கொடுத்து, "ரோடு சரியில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் மெக்கானிக் கழற்றி அளந்துவிட்டு, வீலின் நடுத்துளை, வண்டியில் வீல் உட்காரும் ஹப்பைவிட 6 மி.மீ. பெரியது என்கிறார். என்னிடம் பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். அதிலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. பழைய இரும்பு வீல்களையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வழக்கு அப்புறம். முதலில் அந்த வீல்களோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். இரும்பு வீலுக்கு உரிய நட்டையே அலாய் வீலுக்கும் போட்டிருந்தால், நட்டின் முகமும் வீலின் பள்ளமும் சரியாகப் பொருந்தாமல் ஓட ஓட நட் தளரலாம். இன்றே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் "என் பழைய இரும்பு வீல்களை விற்க வேண்டாம், எனக்குத் திரும்ப வேண்டும்" என்று எழுதிப் போடுங்கள். அவர் தராவிட்டால் வேறு நான்கு வீல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ மாட்டுங்கள், அதற்கு மட்டும் பில் கேட்டு வாங்குங்கள். அந்தச் செலவையும் பிறகு கேட்கலாம்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த 6 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஆனால் மெக்கானிக் சொன்னதை அப்படியே மனுவில் எழுதினால் தோற்றுப்போவீர்கள்.

வெளியில் விற்கும் வீல்களில் நடுத்துளையை வேண்டுமென்றே பெரிதாக விடுவார்கள், ஒரே வீல் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளியை அடைக்க பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ ஒரு வளையம் போடுவது உண்டு. வளையம் இல்லாவிட்டாலும், கூம்பு முகமுள்ள சரியான நட்டை, சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போது, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால், நட்டுகளே வீலை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே "துளை பெரிது, எனவே பொருள் குறைபாடு" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

சரி, அப்படியானால் ஏன் உதறுகிறது? டயர் கடையில் ஒருமுறை நின்று பாருங்கள். பேலன்சிங் மெஷினில் வீலை மாட்டும்போது நடுத்துளைக்குள் ஒரு கூம்பைத் தள்ளி இறுக்குவார்கள். மெஷினுக்கு நடு என்பது அந்தத் துளைதான். உங்கள் வண்டியிலோ துளைக்கும் ஹப்புக்கும் தொடர்பே இல்லை, வீல் தொங்குவது போல்ட்டுகளில். கடைப் பையன் நட் முடுக்கும் கன்னை எடுத்து முதல் நட்டையே முழு இறுக்கம் இறுக்கிவிட்டால் வீல் ஒரு பக்கமாக ஒதுங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும். டயரோடு சேர்த்து 25 கிலோ எடையுள்ள சக்கரம் 1 மி.மீ. ஒதுங்கினாலே, மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி ரிம் ஓரத்தில் 125 கிராம் கட்டியை ஒட்டிவிட்ட மாதிரி. மெஷினில் 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் பார்த்துப் பார்த்து ஈயம் ஒட்டுகிறார்கள், இங்கே 125! வேகம் இரட்டித்தால் அந்த உதைப்பு நான்கு மடங்காகும். ஊருக்குள் 40-இல் தெரியாதது 80-இல் கையை உதறவைப்பது இதனால்தான்.

எனவே மனுவில் இரண்டையும் எழுதுங்கள். "என் வண்டிக்குப் பொருந்தும்" என்று சொல்லி, வளையமோ உரிய நட்டோ தராமல் விற்றது பொருளில் குறை. நடுப்படுத்தாமல் மாட்டியதும், மூன்று முறை போயும் கழற்றி ஹப்பைப் பார்க்காமல் மெஷினை மட்டும் காட்டி அனுப்பியதும் சேவையில் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு, பிரிவு 2(10), 2(11). ஒன்று நழுவினாலும் மற்றது நிற்கும்.

"வியாபார வண்டி, இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். பயப்பட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரை உதாரணமாகவே காட்டியிருக்கிறது. "நானே ஓட்டுகிறேன், இதுதான் பிழைப்பு" என்ற வரி மனுவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். நாலைந்து வண்டி, டிரைவர் என்று இருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

பில் இல்லாதது உங்கள் தப்பு அல்ல, அவர் தப்பு. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சீட்டில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே "திரும்பப் பெறப்படாது" என்ற அந்த அச்சுக்கு, குறையுள்ள பொருள் விஷயத்தில் மதிப்பில்லை. பணம் ஜிபேயில் போனதா? அந்தப் பதிவு, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, மூன்றும் சேர்ந்தால் பில்லுக்குச் சமம். போனிலிருந்து எடுக்கும் நகல்களுக்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்று இணைக்க வேண்டும். பலர் மறந்துவிடுகிற இடம் இது.

கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே நடத்தலாம் (வக்கீலான நானே இதைச் சொல்வது எங்கள் சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது). பொருளை ஆய்வுக்கு அனுப்பும்படி பிரிவு 38-இல் கேட்கலாம், ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஊர் மெக்கானிக்கின் அபிடவிட்டும், வெர்னியர் அளவுகோல் ஹப்பிலும் துளையிலும் நிற்கும் படங்களும் இப்போதே தயாராகட்டும்.

பூ தாமதமாகப் போய் விலை இறங்கிய நஷ்டத்தையும் கேட்க நினைப்பீர்கள். கமிஷன் கடைச் சீட்டு தேதிவாரியாக இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மிகைப்படுத்திய ஒரு தொகை மொத்த மனுவையும் சந்தேகப்பட வைக்கும்.

ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்துக்கு 182ஏ(4)-இல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. டயர் பழைய சைஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பதிவுச் சான்றோடு (ஆர்.சி.) ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும் தாங்கு எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வண்டிக்குப் போதாது என்றால், வளையம் போட்டுத் தருகிறேன் என்ற சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம், முழுப் பணத்தையும் கேளுங்கள்.

தாங்கு எடை போதும் என்றால், 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் செலவில் உரிய வளையம், உரிய நட், ஜாக்கியில் வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடுக்கி, நீங்கள் பக்கத்தில் உட்கார 80-இல் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையேல் பணமும் பழைய வீலும். பெரும்பாலான கடைக்காரர்கள் இந்த இடத்தில் இறங்கிவருவார்கள்.

அந்த மூன்று பேலன்சிங் சீட்டுகளையும் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து அவர் கொடுத்தவை அவை. டயரிலும் வீலிலும் எடைக் கோளாறு இல்லை என்று கடையே மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம் மாட்டிய விதத்தைத் தவிர அவர் வேறு எதைக் காட்டுவார்?